நாவல் பழம் தெரியுமா? அப்போ ஒயினும் தெரியும்!



நம்ம ஊரில் ஒரு வேடிக்கை உண்டு. டாஸ்மாக் வருவதற்கு முன்னால் தெருவுக்குத் தெரு 'ஒயின் ஷாப்' என்று போர்டு தொங்கும். உள்ளே பிராந்தி இருக்கும், ரம் இருக்கும், பீர் இருக்கும். ஒயினை மட்டும் தேடித்தான் பிடிக்கணும்! 2003 நவம்பரில் சில்லறைக் கடைகளை அரசே எடுத்துக்கொண்டது, போர்டும் மாறியது. ஆனால் நம்ம வாய் மட்டும் இன்னும் 'ஒயின் ஷாப்' என்றுதான் சொல்கிறது.

இந்த வாரம் எதுக்கு இந்தப் பேச்சு என்று கேட்கிறீர்களா? காரணம், சிதம்பரத்திலிருந்து வந்த ஒரு கடிதம். அப்படியே படிங்க:

"அண்ணா, எனக்கு 20 வயசு. கேட்டரிங் படிக்கிறேன். பாண்டியில ஒரு ரெஸ்டாரன்ட்ல ஆறு மாசம் டிரெய்னிங். போன மாசம் ஒரு கெஸ்ட், 'எனக்குக் கையைக் கடிக்காத விலையில ஒரு டிரை ஒயிட், மேடத்துக்கு ஒரு செமி-டிரை ரெட்'னு கேட்டார். எனக்கு ஒண்ணும் புரியல. ரெட்டுன்னா எல்லாம் ஒண்ணுதானேன்னு போர்ட் ஒயினை எடுத்துட்டுப் போயி வெச்சேன். அந்த மேடம் ஒரு வாய் குடிச்சுட்டு, 'இது இருமல் டானிக் மாதிரி இருக்கே'ன்னு சிரிச்சாங்க. சூப்பர்வைசர் எல்லார் முன்னாடியும், 'குடிக்கத் தெரியாதவனெல்லாம் எதுக்குடா இந்த வேலைக்கு வர்றீங்க'ன்னு கேட்டுட்டார். அண்ணா, எங்கப்பா குடிச்சே செத்துப்போனவர். நான் தொடவே மாட்டேன்னு அம்மாகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன். குடிக்காம இந்த வேலையைக் கத்துக்க முடியுமா? இல்ல, விட்டுட்டு வந்துடட்டுமா?"

தம்பி, பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முடியும்!

வீட்டில் படையல் போடும்போது கவனிச்சிருக்கீங்களா? சாமிக்குப் படைத்து முடிக்கிற வரைக்கும் அம்மா சர்க்கரைப் பொங்கலை ஒரு வாய்கூட ருசி பார்க்க மாட்டார். அதுக்காக என்றைக்காவது வெல்லம் குறைந்திருக்கா? கை அளவு, வாசனை, அனுபவம்... இந்த மூன்றும் நாக்குக்குப் பதிலாக வேலை செய்யும். ஒயினும் அப்படித்தான். வாங்க, ஒவ்வொன்றா பார்ப்போம். கேட்டரிங் படிக்காதவங்களும் படிக்கலாம். லேபிள் பார்த்து ஏமாறாமல் பொருள் வாங்குவது எல்லாருக்கும் வேண்டிய பாடம்தானே!

டிரைன்னா வறட்சி இல்லை!

திராட்சைச் சாற்றில் சர்க்கரை இருக்கிறது. தோசை மாவு புளிக்கிற மாதிரி இதுவும் புளிக்கிறது. ஈஸ்ட் என்கிற நுண்ணுயிர் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக மாற்றுகிறது. ஒரு லிட்டரில் சுமார் 17 கிராம் சர்க்கரை கரைந்தால் 1 சதவீத ஆல்கஹால் கிடைக்கும். ஈஸ்ட் கிட்டத்தட்ட எல்லாச் சர்க்கரையையும் தின்று தீர்த்துவிட்டால் அது 'டிரை'. கொஞ்சம் மிச்சம் இருந்தால் 'செமி-டிரை'. நிறைய மிச்சம் இருந்தால் 'ஸ்வீட்'. அவ்வளவுதான் மேட்டர்!

ஐரோப்பாவில் இதுக்குக் கணக்கே போட்டு வைத்திருக்கிறார்கள். லிட்டருக்கு 4 கிராம் வரை சர்க்கரை இருந்தால் டிரை. 12 கிராம் வரை செமி-டிரை. புளிப்பு தூக்கலாக இருக்கிற ஒயினுக்கு இந்த அளவை 9, 18 வரைக்கும் நீட்டிக்கொள்ள அனுமதி உண்டு. ஏன்? புளிப்பு இருந்தால் இனிப்பு வெளியே தெரியாது. நம்ம லெமன் ஜூஸ் மாதிரி!

தம்பி, நீங்க கொண்டுபோய் வைத்த போர்ட், இந்தப் பட்டியலில் கடைசிக் கோடியில் இருக்கிற ஆள். நல்ல தித்திப்பு. கோலா பானங்களில் லிட்டருக்கு 100 கிராம் அளவுக்குச் சர்க்கரை இருக்கிறது. அதைக் குடித்துப் பழகிய நாக்குக்குப் போர்ட் சரி. செமி-டிரை கேட்டவருக்கு அது டானிக்தான். அந்த மேடம் சொன்னதில் தப்பில்லை. ஆனால் ட்ரெய்னிங்குக்கு வந்த பையனுக்கு இதைச் சொல்லித்தராமல் டேபிளுக்கு அனுப்பியது யார் தப்பு? அதையும் யோசிக்கணும்.

பாக்கு, நாவல், முந்திரிப் பழம்

வெள்ளைக்காரர்கள் ரெட் ஒயினை விவரிக்கப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். நமக்கு ஒரே வார்த்தை போதும்: துவர்ப்பு! திராட்சையின் தோலிலும் விதையிலும் 'டேனின்' என்ற பொருள் இருக்கிறது. ரெட் ஒயினைத் தோலோடு சேர்த்துப் புளிக்க வைப்பதால் அது உள்ளே இறங்குகிறது. கொட்டைப்பாக்கு, நாவல் பழம், கடுங்காப்பி நிறத்துக்குக் கொதித்த டீ... இதிலெல்லாம் நாக்கு இழுத்துப் பிடிக்குமே, அதே ஆள்தான்.

ஒயிட் ஒயினில் தோலை எடுத்துவிட்டுச் சாற்றை மட்டும் புளிக்க வைப்பார்கள். அதனால் துவர்ப்பு கம்மி, புளிப்பு அதிகம். சர்க்கரை போடாத எலுமிச்சைத் தண்ணீரை நினைச்சுக்குங்க.

சரி, செமி-டிரை ரெட்? அதுக்குப் பண்ருட்டிப் பக்கம் போகணும். முந்திரிப் பழம் சாப்பிட்டிருக்கீங்களா? கடித்ததும் லேசாக ஒரு தித்திப்பு, பின்னாடியே தொண்டையைப் பிடிக்கிற துவர்ப்பு. இனிப்பும் துவர்ப்பும் ஒரே வாயில்! செமி-டிரை ரெட்டின் லாஜிக் அதேதான். கடலூர் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இதை யாரும் தனியா டியூஷன் எடுக்க வேண்டாம்.

லேபிளைப் படிங்க பாஸ்!

நிறத்தைப் பார்த்து இனிப்பைச் சொல்ல முடியாது. லேபிளைப் பார்த்து ஓரளவு சொல்லலாம்.

* பிரெஞ்சு பாட்டிலில் 'செக்' என்றால் டிரை, 'டெமி-செக்' என்றால் செமி-டிரை. ஜெர்மனியில் 'ட்ராக்கன்', 'ஹால்ப்ட்ராக்கன்'. ஸ்பெயினில் 'செக்கோ', 'செமிசெக்கோ'.

* நுரை பொங்குகிற ஸ்பார்க்ளிங் ஒயினில் மட்டும் உஷார்! அங்கே கணக்கே வேறு. 'எக்ஸ்ட்ரா டிரை' என்று போட்டிருப்பது 'ப்ரூட்' என்பதைவிட இனிப்பானது. பேரைப் பார்த்து ஏமாறாத ஆள் கிடையாது.

* ஆல்கஹால் சதவீதம் பாருங்க. 13, 14 என்றால் சர்க்கரை பெரும்பாலும் ஆல்கஹாலாக மாறிவிட்டது, டிரையாக இருக்க வாய்ப்பு அதிகம். 10, 11 என்றால் சர்க்கரை மிச்சம் இருக்கலாம். இது நூற்றுக்கு நூறு விதி இல்லை, ஒரு துப்பு. போர்ட் இதில் விதிவிலக்கு!

* திராட்சை வகையின் பேர். 'சாவின்யோன் பிளாங்க்' என்றால் பெரும்பாலும் டிரை ஒயிட், நல்ல புளிப்பு. 'ஷெனின் பிளாங்க்' டிரையாகவும் வரும், லேசான இனிப்போடும் வரும், அதனால் பின் லேபிளைப் படிக்கணும். ரெட்டில் 'கேபர்நே' துவர்ப்பு தூக்கல், 'மெர்லோ' கொஞ்சம் சாது.

* கார்க் இல்லாமல் திருகு மூடி போட்டிருந்தால் மட்டம் என்று நினைக்காதீங்க. சீக்கிரம் குடிக்க வேண்டிய ஒயிட்டுக்கு அதுதான் வசதி.

* விலை குறைந்த ஒயிட்டை வருஷக்கணக்கில் வைத்திருக்கக் கூடாது. பழசு ஆக ஆக ருசி கூடும் என்பது எல்லா ஒயினுக்கும் பொருந்தாது. வருஷம் பார்த்து, புதுசா எடுங்க.

கையைக் கடிக்காத விலை

குடிக்கிற மது ஜி.எஸ்.டி.க்குள் வராது. ஒவ்வொரு மாநிலமும் தன் இஷ்டத்துக்கு வரி போடும். அதனால்தான் கடலூரில் ஒரு விலை, 22 கிலோமீட்டர் தள்ளிப் பாண்டியில் வேறொரு விலை.

வெளிநாட்டு பாட்டிலுக்கு இதுக்கு மேல் சுங்க வரியும் உண்டு. பல வருஷம் அது 150 சதவீதமாக இருந்தது. 2022 டிசம்பரில் அமலுக்கு வந்த இந்தியா-ஆஸ்திரேலியா ஒப்பந்தத்தில், ஆஸ்திரேலிய ஒயினுக்கு வரியைக் குறைத்தார்கள். அதுவும் 5 டாலருக்கு மேல் மதிப்புள்ள பாட்டிலுக்குத்தான்! அதாவது மலிவு பாட்டிலுக்குச் சலுகை கிடையாது. யோசிங்க... மலிவான இம்போர்ட்டட் பாட்டிலுக்குக் கொடுக்கிற காசில் கப்பல் செலவும் வரியும் போக, உள்ளே இருக்கிற ஒயினுக்கு என்ன மிஞ்சும்? அதனால் பட்ஜெட் கெஸ்ட்டுக்கு இந்திய ஒயினைச் சொல்வதே புத்திசாலித்தனம்.

மகாராஷ்டிராவில் நாசிக், கர்நாடகாவில் நந்தி மலைப் பக்கம்... இரண்டும்தான் இந்திய ஒயினின் பெரிய பேட்டைகள். நாசிக்கில் சூலா, நந்தி மலை அடிவாரத்தில் குரோவர் என்று தெரிந்த பெயர்கள் இருக்கின்றன. அங்கெல்லாம் அறுவடை ஜனவரி முதல் மார்ச் வரை.

நம்ம தமிழ்நாட்டுப் பங்கு? தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பழம். இதன் ஊர் ஊராகப் போன பேர் 'மஸ்கட் ஹாம்பர்க்'. வாசனை தூக்கும்! ஆனால் இதிலிருந்து வருவது பெரும்பாலும் இனிப்பு ரகம். டிரை கேட்டவரிடம் இதை நீட்டினால் மறுபடியும் டானிக் கதைதான்.

இன்னொரு கணக்கு: 750 மி.லி. பாட்டிலில் 150 மி.லி. கிளாஸ் ஐந்து வரும். இரண்டு பேர் வந்து இரண்டு விதம் கேட்டால், பாட்டில் விற்கப் பார்க்காதீங்க. 'கிளாஸ் கணக்கில் இருக்கு சார்' என்று சொல்லுங்க. அவருக்குக் காசு மிச்சம், உங்களுக்கு நல்ல பேர் மிச்சம்.

வறுத்த மீனும் வெயிலும்

கடலூர் துறைமுகத்து வஞ்சிர வறுவல், பரங்கிப்பேட்டை இறால்... இதுக்கு டிரை ஒயிட் ஏன் சரி? நாம மீன் வறுவல் மேல் எலுமிச்சம்பழம் பிழிகிறோமே, அதே காரணம்தான். புளிப்பு எண்ணெய்ப் பிசுக்கை வெட்டும்.

காரமான மட்டனுக்கு? துவர்ப்பு அதிகமான டிரை ரெட் கொடுத்தால் மிளகாய் எரிச்சல் இன்னும் ஏறும். லேசா இனிப்பு இருக்கிற செமி-டிரை ரெட் அந்தக் காரத்தைத் தணிக்கும். காரம் சாப்பிட்டதும் நாம சர்க்கரை டப்பாவைத் தேடி ஓடுகிறோமே, அந்த மாதிரி. செமி-டிரை ரெட் ஸ்டாக்கில் இல்லையா? துவர்ப்பு குறைந்த மெர்லோவை லேசாகக் குளிர வைத்துக் கொடுக்கலாம். ஆனால், 'இது டிரைதான் மேடம், துவர்ப்பு மட்டும் கம்மி' என்று சொல்லிவிட்டுக் கொடுங்க. பொய் சொல்லி விற்காதீங்க.

'ரெட்டை ரூம் டெம்பரேச்சரில் கொடுக்கணும்' என்று பாடப் புத்தகத்தில் இருக்கும். அது ஐரோப்பிய ரூம்! அதாவது 16, 18 டிகிரி. நம்ம ஊர் மே மாதத்து ரூம் 35-ஐத் தாண்டும். அதனால் ரெட்டையும் அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்க. ஒயிட்டுக்கு 8 முதல் 12 டிகிரி. கடை வாசலில் வெயில் படுகிற ஷெல்ஃபில் நிற்கிற பாட்டிலை எடுக்கவே வேண்டாம். கார்க் மேலே தூக்கிக்கொண்டு, ஓரத்தில் கசிந்திருந்தால் அது வெந்துபோன சரக்கு.

சீல் இல்லாத, லேபிள் இல்லாத பாட்டில் எந்தப் பேரில் வந்தாலும் தொடாதீங்க. 2024 ஜூனில் பக்கத்துக் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனதை மறந்துவிட வேண்டாம்.

2000 வருஷப் பழைய பார்சல்!

கடலூரிலிருந்து பாண்டிக்கு பஸ்ஸில் போகும்போது அரியாங்குப்பம் தாண்டுவீங்க இல்லையா? அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் அரிக்கமேடு. 1945-ல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது, மத்தியதரைக் கடல் நாடுகளின் 'ஆம்ஃபோரா' ஜாடித் துண்டுகள் கிடைத்தன. ஒயின் ஏற்றி வந்த ஜாடிகள்! அதில் கிரேக்கத்துக் காஸ் தீவின் பாணி ஜாடிகளும் உண்டு. அந்தத் தீவின் ஒயினில் கடல் தண்ணீர் கலப்பார்களாம். யவனர் கொண்டு வந்த மதுவைப் பற்றிப் புறநானூற்றில் நக்கீரரும் பாடியிருக்கிறார்.

அதனால் தம்பி, 'இதெல்லாம் நமக்குத் தெரியாத விஷயம்' என்று கூனிக் குறுக வேண்டாம். இந்தச் சரக்கு இந்தக் கரையில் இறங்கி 2000 வருஷம் ஆச்சு! அடுத்த முறை கெஸ்ட் டேபிளில் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்க.

ஆல்பேட்டை அட்வைஸ்

இது மற்ற ஃப்ரெண்ட்ஸுக்கு. பாண்டியில் குடிப்பதற்கான வயது 18, தமிழ்நாட்டில் 21. 'அங்கே சீப்பா இருக்கே' என்று பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு முள்ளோடையைத் தாண்டினால், ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் கதை மாறிவிடும். 1937-ம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. 200 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் கேஸ் வாங்கினால், பாஸ்போர்ட்டுக்கும் அரசு வேலைக்கும் போலீஸ் விசாரணை வரும்போது தலைகுனிந்து நிற்கணும். குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும்.

'ஒயின் உடம்புக்கு நல்லது' என்று யாராவது சொன்னால், உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொன்னதை ஞாபகப்படுத்துங்க: எவ்வளவு குறைவாகக் குடித்தாலும் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது.

தம்பிக்கு ஹோம்வொர்க்

இப்போ உங்க கேள்விக்கு வருகிறேன். ருசி பார்ப்பதையே தொழிலா வைத்திருக்கிறவர்கள்கூட வாயில் வைத்துவிட்டுத் துப்பிவிடுவார்கள். குடித்துக்கொண்டே இருந்தால் அவர்களுக்கும் வேலை ஓடாது! ஆனால் உங்களுக்கு அதுவும் வேண்டாம். சத்தியம் சத்தியம்தான்.

அடுத்த லீவில் வீட்டுக்கு வரும்போது அடுப்படியில் நாலு சொம்பு எடுத்து வையுங்க. ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டர். முதல் இரண்டில் எலுமிச்சைத் தண்ணீர், அடுத்த இரண்டில் நல்லா கொதித்து ஆறிய பால் இல்லாத டீ. முதல் எலுமிச்சையிலும் முதல் டீயிலும் ஒரே ஒரு டீஸ்பூன் சர்க்கரை, சுமார் 4 கிராம். இது டிரை. மற்ற இரண்டிலும் மூன்று டீஸ்பூன், சுமார் 12 கிராம். இது செமி-டிரை. ஒரு வாரம் தினமும் கண்ணை மூடிக்கொண்டு ருசி பார்த்து எது எது என்று சொல்லிப் பழகுங்க. ஒரு சொட்டு ஆல்கஹால் இல்லாமல் இனிப்பு, புளிப்பு, துவர்ப்பு மூன்றும் நாக்கில் பதிந்துவிடும்.

வேலையில், கெஸ்ட் மிச்சம் வைத்த கிளாஸை முகர்ந்து பாருங்க. குடித்தவர் என்ன வார்த்தை சொன்னார் என்று பாக்கெட் நோட்டில் குறித்து வையுங்க. டேபிளில் இரண்டே கேள்வி போதும்: 'இனிப்பே இல்லாம வேணுமா, லேசா இருக்கலாமா சார்?', 'சாப்பிட என்ன சொல்லப் போறீங்க?' பாதி வேலை முடிந்தது.

'நீ குடிப்பியா?' என்று யாராவது கேட்டால், 'இல்லை சார், ஆனா உங்களுக்கு எது பிடிக்கும்னு கண்டுபிடிக்கத் தெரியும்' என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்க. ஒருவேளை ஒவ்வொரு நாளும் அந்த வாசனை அப்பாவை ஞாபகப்படுத்தி வதைக்கிறதா? அப்போ கிச்சன், ஃப்ரன்ட் ஆபீஸ், பேக்கரி என்று உங்க படிப்பிலேயே வேறு கதவுகள் இருக்கின்றன. அங்கே போவது தோல்வி இல்லை. ஆனால் யாரோ சிரித்தார்கள் என்பதற்காக மட்டும் விட்டுவிட்டு வராதீங்க.

ஒரே ஒரு வேண்டுகோள். அந்த நாலு சொம்பு டெஸ்ட்டை அம்மாவையும் கூட உட்கார வைத்துச் செய்யுங்க. அவங்க பயம் நியாயமானது. பிள்ளை பாண்டியில் என்ன கற்றுக்கொள்கிறான் என்று அவங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. எலுமிச்சைத் தண்ணியும் கட்டன் டீயும் குடித்துப் பார்த்துவிட்டு, 'இவ்வளவுதானாடா?' என்று கேட்பாங்க பாருங்க...

அதுக்கப்புறம் மறக்காம எனக்கு ஒரு கடிதம் போடுங்க தம்பி. யார் ஃபர்ஸ்ட் மார்க் வாங்கினீங்க என்று தெரியணும். என் பந்தயம் அம்மா மேலதான்!

மீதி, அடுத்த வாரம் பேசுவோம்!